ஒன்பதாம் மாதத்துத் தொக்கு

அந்த ஞாயிற்றுக்கிழமை மேசையைச் சுற்றி இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகள் சேர்ந்திருந்த சங்கத்தின் தர்மபுரிக் கிளைத் தலைவி. கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற அவரை எல்லாரும் மேடம் என்பார்கள். காரிமங்கலம் பக்கம் மாம்பழக்கூழ் ஆலையில் தரம் பார்க்கும் ஒருவர். பால் கம்பெனிக்காரர் ஒருவர், எதையும் வாசனையிலேயே கண்டுபிடிப்பார். என் மகளோடு படித்த பெண், இப்போது ஓசூரில் பிஸ்கட் கம்பெனியில் இருக்கிறது. என் மனைவி. நான்.

மகள் இல்லை. போன புரட்டாசியில் இறந்துவிட்டாள்.

மேசை மேல் ஒரு பாட்டில் தக்காளித் தொக்கு இருந்தது. அவள் கையால் காய்ச்சியதில் அதுதான் கடைசி.

நான் அஞ்சாவது வரை படித்தவன். எங்களுக்குக் கடத்தூர் பக்கம் கொஞ்சம் நிலம். தக்காளி வைப்போம். விலை விழுந்தால் பறிகூலிக்கும் கட்டாது, காட்டிலேயே விட்டுவிடுவோம். மகள் உணவுத் தொழில்நுட்பம் படிக்கப் போகிறேன் என்றாள்.

"சோறாக்கறதுக்கு எதுக்குக் கண்ணு நாலு வருசம் காலேஜு?" என்றேன்.

"ஆக்கறதுக்கு இல்லப்பா. ஆக்குனது கெடாம இருக்கறதுக்கு."

படித்தாள். வேலைக்குப் போனாள். முதல் சம்பளத்திலேயே உணவுத் தொழில்நுட்பம் படித்தவர்களின் சங்கத்துக்குச் சந்தா கட்டினாள். எனக்குத் தெரிந்த சங்கம் லாரிக்காரர் சங்கமும் விவசாயிகள் சங்கமும்தான்.

"நீங்களும் கொடி புடிப்பீங்களா?"

"இல்லப்பா. நாங்க பாட்டில் புடிப்போம்."

"வெளிய சொல்லாத கண்ணு," என்றாள் என் மனைவி. "வேற மாதிரி நெனச்சுக்குவாங்க."

அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று போகப் போகத்தான் தெரிந்தது. மாதம் ஒரு ஞாயிறு கூடுவார்கள். ஒருவர் தன் வேலையில் கண்டதை மற்றவர்களுக்குச் சொல்வார். உணவுச் சட்டத்தில் ஏதாவது மாறினால் உட்கார்ந்து படித்து, எங்களைப் போன்றவர்களுக்கு விளங்கும்படி சொல்வார்கள். கம்பைநல்லூரில் ஊறுகாய் போடும் பெண்களுக்குப் பாட்டிலைச் சுடுதண்ணீரில் எப்படிப் போடுவது, மூடியை எப்போது இறுக்குவது என்று கற்றுக்கொடுத்தார்கள். யாருக்கும் இதில் காசு கிடையாது. அங்கே முக்கியமாக ஒரு வழக்கம் உண்டு. செய்தவரே நல்லது என்று சொன்னால் எடுபடாது. இன்னொருவர் சோதித்துச் சொல்ல வேண்டும்.

வீட்டுக்குப் பின்னால் மகள் ஒரு ஷெட் போட்டாள். அவள் அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்கள் சிலரும் அதில் தொக்குக் காய்ச்சினார்கள். கலர்ப் பொடி இல்லை, கெடாமல் இருக்கப் போடும் மருந்தும் இல்லை. புளி, உப்பு, மிளகாய்த்தூள், நல்லெண்ணெய், தீ. அவ்வளவுதான்.

ஒவ்வொரு கொப்பரையிலும் சில பாட்டிலை விற்காமல் எடுத்து வைப்பாள். கம்பெனிகளில் அப்படித்தான் செய்வார்களாம். அதற்குச் சாட்சி என்று பேர் வைத்தாள். "வித்த பாட்டில் ஊர் மேல போயிருச்சு. அது என்னா ஆச்சுன்னு வூட்டுல இருக்கறதுதாம்ப்பா சொல்லணும்." காய்ச்சிய தேதியைத் தன் கையால் எழுதி ஒட்டுவாள். அலமாரியில் பழையது கீழே, புதியது மேலே.

மாதம் பார்த்து ஒன்றைத் திறந்து எங்களை ருசி பார்க்கச் சொல்வாள். ஒன்றிலிருந்து ஒன்பது வரை மார்க் போட வேண்டும். பேசக் கூடாது. முகத்தில் காட்டவும் கூடாது. ஒருவர் முகத்தைப் பார்த்து இன்னொருவர் மார்க் மாறிவிடும் என்பாள்.

நான் எப்போதும் ஒன்பது போடுவேன்.

"ஒன்பது போட்டா அது மார்க் இல்லப்பா. அம்மாவப் பாரு, ஆறு போட்டிருக்குது. எதுல குறைன்னும் சொல்லுது."

"உங்கம்மா கல்யாணத்துல இருந்தே எனக்கு நாலுதான் போடறா."

"அதுவே ஜாஸ்தி," என்றாள் என் மனைவி.

போன ஆவணியில் ஒரு கொப்பரை மகளே நின்று காய்ச்சினாள். மருந்து போடாத தொக்கு ஆறு மாதம் தாங்கும் என்று முந்தைய கொப்பரைகளில் பார்த்து முடித்திருந்தாள். ஒன்பது மாதம் தாங்கும் என்று சங்கத்தில் சொல்லியிருக்கிறாள். மாம்பழக்கூழ் ஆலைக்காரர் தாங்காது என்றாராம். காட்டுகிறேன் என்று வந்துவிட்டாள். அந்தக் கொப்பரையில் இரண்டு சாட்சி வைத்தாள். மேல் தட்டில்.

புரட்டாசியில் காய்ச்சல். தர்மபுரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து சேலம். திரும்பி வரும்போது ஆம்புலன்ஸில் அவள் பக்கத்தில் நான் உட்கார்ந்து வந்தேன். அதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

காரியத்துக்குச் சனம் நிறைய வந்தது. பந்தியில் தயிர்ச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை என்றார்கள். என் தம்பி பெண்டாட்டி ஷெட்டுக்குப் போனாள். அலமாரியைப் பார்த்தாள். கை எட்டிய தட்டுகளில் இருந்ததையெல்லாம் ஒரு குண்டாவில் கவிழ்த்து, பந்தியில் வைத்துக்கொண்டே போனாள்.

சங்கத்துக்காரர்களும் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். மேடம் இலையில் விழுந்ததைப் பார்த்துக் கையை எடுத்துவிட்டார். எழுந்து ஷெட்டுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். காலி பாட்டில்கள் ஒரு டப்பில் ஊறிக்கொண்டிருந்தன. அவள் எழுதி ஒட்டிய காகிதங்கள் தண்ணீரில் மிதந்தன.

"கடைக்குப் போகாத மிச்சம்னு நெனச்சுட்டனுங்க மாமா," என்றாள் தம்பி பெண்டாட்டி. அவள் முகம் செத்துவிட்டது.

"சாப்புடறதுக்குத்தான செஞ்சது. போ, தயிர் பத்தலயாம்," என்றேன்.

மேல் தட்டு அவளுக்கு எட்டவில்லை. அந்த இரண்டு தப்பின.

அதற்குப் பிறகு என் மனைவி அந்த இரண்டையும் வீட்டுக்குள் கொண்டுவந்து சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். தினம் துடைப்பாள், எழுத்து அழியாமல்.

வைகாசி நெருங்கியது. மேடம் போன் செய்தார். ஒன்பதாம் மாதம் வருகிறது, திறக்க வேண்டும் என்றார். முடியாதுங்க என்று வைத்துவிட்டேன். இன்னொரு முறை செய்தார். அதையே சொன்னேன்.

பிறகு அந்த ஓசூர்ப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு நேரிலேயே வந்தார்.

"அப்பா, சங்கத்து வருசாந்திரக் கூட்டத்துல அவ பேசறதா இருந்துச்சு," என்றது அந்தப் பெண். "எல்லாம் முடிச்சு வெச்சிட்டா. ஒன்பதாம் மாசம் மட்டும் பாக்கி. அதப் பாத்துட்டா அவ பேர்லயே நாங்க படிப்போம். பாக்கலன்னா அது அரைகுறையா நின்னுபோகும்."



எனக்கு ஒரு பயம் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் கேட்டேன்.

"தொறந்து பாத்து, கெட்டுப்போயிருந்தா என்னா பண்ணுவீங்க மேடம்?"

"கெட்டுப்போச்சுன்னு எழுதுவோங்க," என்றார்.

"அவ பேர்லயா?"

"அவ பேர்லதாங்க."

மகள் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள். வேறு ஏதாவது ஆறுதல் சொல்லியிருந்தால் நான் கொடுத்திருக்க மாட்டேன். மனைவியைப் பார்த்தேன். அவள் எழுந்து போய் ஒரு பாட்டிலை எடுத்துவந்து மேடம் கையில் கொடுத்தாள்.

"பாட்டில மட்டும் கழுவாமக் குடுத்துருங்க," என்றாள்.

அதில் கிருமி இருக்கிறதா என்று பார்த்தார்கள். கிருமி இல்லை என்று போன் வந்தது. ஆனால் அது மட்டும் போதாது. வாய்க்கும் பிடிக்க வேண்டும். ஐந்து பேர் ருசி பார்த்து மார்க் போட்டு, சராசரி ஆறுக்குக் கீழே போனால் ஒன்பது மாதம் என்று சொல்ல முடியாது. அதற்குத்தான் அந்த ஞாயிறு, மீதி இருந்த ஒரு பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் பஸ்ஸில் தர்மபுரி போனோம்.

நான் ஒதுங்கி உட்கார்ந்தேன். மேடம் கூப்பிட்டார்.

"ஒரு ஆள் குறையுதுங்க. எப்பவும் அஞ்சாவது ஆள் அவதான். அவ எடத்துல நீங்க உக்காருங்க. அம்மாவும் ருசி பாக்கட்டும், இஷ்டம் இருந்தா எழுதட்டும்."

"வூட்டுக்காரன் மார்க் செல்லுமாங்க?"

"நெசமா போட்டா செல்லும்."

"ஒன்பது மட்டும் போட்டுராதீங்க அப்பா," என்றது ஓசூர்ப் பெண். "அத இங்க அவ சொல்லிச் சொல்லிச் சிரிப்பா."

எல்லாரும் கொஞ்சம் சிரித்தார்கள். மேடம் மூடியைத் திருகினார். டப் என்று சத்தம் வந்தது. காற்று உள்ளே போகவில்லை என்று அர்த்தம். மாம்பழக்கூழ் ஆலைக்காரர் தலையை ஆட்டினார், பிறகு முகத்தில் காட்டக் கூடாது என்று நினைவு வந்து குனிந்துகொண்டார்.

ஆளுக்கொரு வெள்ளைத் தட்டு, ஒரு கரண்டி தொக்கு, ஒரு துண்டு இட்லி, வாய் கொப்பளிக்கத் தண்ணீர், ஒரு சீட்டு.

எடுத்து வாயில் வைத்தேன்.

முகத்தில் காட்டக் கூடாது. காட்டவில்லை. என் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான வேலை நான் செய்ததில்லை. காட்டில் கிணறு வெட்டியிருக்கிறேன். மகளைக் கடைசியாகத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

நிறம் கொஞ்சம் கறுத்திருந்தது. எண்ணெயில் லேசாகச் சிக்கு வாடை தொடங்கியிருந்தது. புளிப்பு அப்படியே நின்றது. காரம் பின்னால் வந்தது. உப்பு ஒரு கல் கூட. அவள் எப்போதும் ஒரு கல் கூடத்தான் போடுவாள்.

எழுதிச் சீட்டை மடித்தேன்.

என் மனைவி கரண்டியை வாயில் வைத்தாள். விழுங்கினாள். பென்சிலைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றிலும் குறை கண்டுபிடிப்பவள். மேடம் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் வெறும் சீட்டைத் தள்ளிவிட்டாள்.

"எனக்குத் தெரியலீங்க மேடம்."

மேடம் அதை வாங்கித் தனியாக வைத்தார். மற்ற சீட்டுகளைப் பிரித்து ஒவ்வொன்றாகப் படித்தார். பால் கம்பெனிக்காரர் ஆறு. ஓசூர்ப் பெண் ஏழு. மாம்பழக்கூழ் ஆலைக்காரர், தாங்காது என்றவர், ஏழு. மேடம் ஆறு.

என் சீட்டைப் பிரித்தார். பிரித்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு படித்தார்.

ஏழு.