பதினோராவது தடவை விழுந்தவன்

கரியமாணிக்கத்துக் கரும்பு விவசாயி கண்ணையனின் மகன் கலைவேந்தன் பாலே நடனம் கற்றுக்கொண்டது தரை துடைக்கப் போன இடத்தில். பதினேழு வயதில் புதுச்சேரியில் ஒரு நடனப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தான். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, பார்த்ததையெல்லாம் கண்ணாடி முன் செய்துபார்ப்பான். ஒருநாள் ஆசிரியை பார்த்துவிட்டார். திட்டவில்லை, மறுநாள் முதல் பின்வரிசையில் நிற்கச் சொன்னார்.

"ஆம்பளப் புள்ள குதிகால தூக்கிக்கினு நிக்கிறதுக்கு இன்னாடா பேரு?" என்று கேட்டார் கண்ணையன். அவன் மறுநாளும் வகுப்புக்குப் போனான். ஒன்பது வருடம் ஆடினான்.

இருபத்தாறு வயதில் ஒரு படம் கிடைத்தது. ஐரோப்பிய மேடைகளில் தலைமுறை தலைமுறையாக நடிக்கப்படும் நகைச்சுவை நாடகம் ஒன்றை, பேச்சே இல்லாமல் பாலேயாக ஆடிப் படம்பிடிக்க ஒரு குழு வந்திருந்தது. கிழவன் ஒருவன் பூட்டிவைத்த பெண்ணைக் காதலன் கூட்டிக்கொண்டு ஓடுகிற கதை. காதலனின் மக்கு வேலைக்காரனாகக் கலைவேந்தன். ஏணியில் ஏறி, ஜன்னலைத் தவறவிட்டு விழவேண்டும். வில்லியனூர் பக்கம் மூடிக்கிடந்த ரைஸ் மில்லில் செட் போட்டிருந்தார்கள்.

பத்துத் தடவை சரியாகவே விழுந்தான். இயக்குநருக்கு இன்னொன்று வேண்டியிருந்தது. பதினோராவது தடவை கால் ஏணிப்படியில் சிக்கிக்கொண்டது. உடம்பு கீழே வந்தபோது வலது முழங்கால் பக்கவாட்டில் மடிந்தது. அலறினான். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு ஆபரேஷன். நடக்கலாம், ஆட முடியாது என்றார் டாக்டர். ஒத்திகையில் விழுந்துவிட்டதாக வீட்டில் சொல்லிவைத்தான். மூன்றாம் வாரம் படக்குழு மேனேஜர் பாக்யராஜ் வந்தார்.

"அந்த ஷாட்டுதான் இருக்கறதுலயே நல்லா வந்துருக்குன்றாங்கப்பா. நீ வேணாம்னா தூக்கிடலாம். ஆனா வேற ஆள வெச்சு உன் சீன் மொத்தத்தையும் திரும்ப எடுக்கணும்."

"அப்ப நான் படத்துலயே இருக்கமாட்டனா?"

பாக்யராஜ் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். கலைவேந்தன் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டான்.

படம் திரையிட்ட அன்று அப்பாவையும் அம்மா கனகாம்பாளையும் புதுச்சேரிக்குக் கூட்டிப்போனான். ஏணிக் காட்சி வந்தது. அலறலை எடுத்துவிட்டுத் துள்ளலான இசை போட்டிருந்தார்கள். பிளந்த வாய் மட்டும் தெரிந்தது. அரங்கமே சிரித்தது. கனகாம்பாளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

கண்ணையன் சிரிக்கவில்லை. வண்டிமாடு கால் முறிந்து விழுந்ததை அவர் பார்த்திருக்கிறார். மனைவியின் கையைப் பிடித்து, "சும்மா இருடி" என்றார்.

"ஏன், புள்ள எவ்ளோ நல்லா பண்ணியிருக்கான்."

அம்மா இப்படிச் சிரித்துக் கலைவேந்தன் பார்த்து வெகுநாளாகியிருந்தது. அதைக் கெடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: "ஒத்திகைல அடிபட்டுச்சின்னியே, அது எந்த எடத்துலடா?"

"அது படத்துல வராதும்மா."

இப்போது தவளக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. காலையில் கண்ணையன்தான் வண்டியில் கொண்டுவந்து விடுகிறார். படத்தைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. மகன் உள்ளே போய் நாற்காலியில் உட்காரும்வரை ரோட்டோரம் நிற்பார். அவன் சில நாள் கையசைப்பான். அசைக்காத நாளிலும் கொஞ்சநேரம் நின்றுவிட்டுத்தான் போவார்.