கோணல் மயில்

ஜம்புலிங்கத்தின் படம் ஓடுவது இரண்டு நிமிஷம்தான். அதற்கு முன்னால் அவர் நன்றி சொல்வதுதான் ஓயாமல் ஓடும். வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டிய திரைக்கு முன்னால் நின்றுகொண்டு, பிலிம் கொடுத்தவர், மை கொடுத்தவர், தெருவில் மாட்டுவண்டியை ஓரங்கட்டியவர் என்று ஒருவரையும் விடாமல் கும்பிடுவார். "யோவ், படத்தைப் போடுய்யா, பொழுது விடிஞ்சிடப் போவுது!" என்று திருவாலங்காட்டிலும் கத்தியிருக்கிறார்கள், மணவூரிலும் கத்தியிருக்கிறார்கள். மனிதர் அசைந்ததில்லை. எண்பதுகளில் ஊருக்கு ஊர் டெலிவிஷன் வந்த பிறகும், ரயில்வண்டி, காவடி, நாய்க்குட்டி என்று பிலிமின் மேலேயே கையால் வரைந்து, பள்ளிக்கூட மைதானங்களில் ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். எந்த ஊரானாலும் முதல் கும்பிடு மட்டும் மாறாது. அது அவர் மனைவி காஞ்சனாவுக்கு. அந்த அம்மாள் கூட்டத்தில் எங்கேயாவது உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார்.

அந்த முதல் கும்பிடு அவரிடமிருந்து சுலபமாக வந்துவிடவில்லை.

ஜம்புலிங்கம் ஆர்.கே.பேட்டை தறிக்காரர். புடவைக் கரையில் மயில் போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. கரையின் முதல் மயிலையும் கடைசி மயிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பெற்ற தாய்க்குக்கூட வித்தியாசம் தெரியாது. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இன்னொரு பைத்தியம் சினிமா. திருத்தணிக் கடைக்குப் புடவை கொண்டுபோகும் நாளெல்லாம் மலை அடிவாரத்து டூரிங் டாக்கீஸில் நுழைந்துவிடுவார். ஆபரேட்டர் கஜபதி சிநேகிதர். அறுந்த பிலிமை ஒட்டும்போது கஜபதி வெட்டி எறியும் துண்டுகளைப் பொறுக்கி வந்து, வெயிலில் பிடித்துப் பிடித்துப் பார்ப்பார்.

ஒவ்வொரு கட்டத்திலும் அதே ஆள், அதே மீசை, தூக்கிய அதே கை. மேலிருந்து கீழ்வரை ஒரே உரு. ஜம்புலிங்கத்துக்கு உடம்பு சிலிர்த்தது. அட, இது புடவைக் கரையல்லவா! ஒரே உருவைத் திரும்பத் திரும்பப் போட்டால் போதும், ஆட்டமெல்லாம் மிஷினுக்குள் இருக்கிறது என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். கஜபதியிடம் கேட்டார். கஜபதிக்கு மிஷின் ஓட்டத் தெரியுமே தவிர, படம் எடுக்கவா தெரியும்? "ஆங், அப்டித்தான் இருக்கும் போல" என்று தலையாட்டி வைத்தார்.

அறுபத்தெட்டாம் வருஷம் தை பிறந்ததும் வேலை தொடங்கிற்று. தேய்ந்துபோன ஒரு விளம்பரப் படச் சுருளைக் கஜபதி கொடுத்தார். நூல் வேகவைக்கிற அண்டாவில் சோடா உப்பு போட்டு ஊறவைத்தார் ஜம்புலிங்கம். படம் கரைந்து, பிலிம் கண்ணாடியாய் வெளுத்தது. அதைத் தெருவில் தறிக்குப் பாவு நூல் நீட்டுகிற முளைகளில் இழுத்துக் கட்டினார். தறிக்காரருக்கு வேறு எப்படிச் செய்ய வரும்? பக்கத்து வீட்டுக் கண்ணையன் தன் பாவைத் தள்ளிப்போட்டு இடம் விட்டார். தபால்தலை அளவுக் கட்டத்தில், பிலிம் ஓரத்து நாலு ஓட்டைக்கு ஒரு மயிலாக, சினிமா சிலைடு எழுதுகிற மையால் வரைந்துகொண்டே போனார். காலையில் தறிக்கு உட்காருமுன் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம். தெருவே வந்து எட்டிப் பார்த்தது.

"ஆடிக் கிருத்திகைக்கு நம்ம தெரு மயிலு திருத்தணியில ஆடும், பாருங்க" என்று வாக்கும் கொடுத்துவிட்டார். டாக்கீஸ் முதலாளி ஒரே ஒரு தடவை, அன்றைய முதல் ஆட்டத்துக்கு முன்னால் ஓட்டச் சம்மதித்திருந்தார். கிருத்திகை முடிந்ததும் கூடாரத்தைப் பிரித்து வேறு ஊர் போய்விடுவார்கள். அன்று ஆடினால் ஆடியதுதான். ஆடாவிட்டால் இடம் விட்டவர், கை கொடுத்தவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று ஜம்புலிங்கத்துக்கு உள்ளுக்குள் உதறல்தான்.

அந்த நேரம் பார்த்து ஆனியில் மெட்ராஸ் ஐ வந்து சேர்ந்தது. கண் இரண்டும் ரத்தமாய்ச் சிவந்து, பீளை ஒட்டி, மனிதர் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார். சுருளில் கடைசிப் பாகம் வெறுமையாய்க் கிடந்தது. காஞ்சனா பேனாவை எடுத்துக்கொண்டு போய்த் தெருவில் உட்கார்ந்தாள்.

கண் தெளிந்ததும் ஜம்புலிங்கம் சுருளைப் பிடித்துப் பார்த்தார். ஒரு மயில் மாதிரி இன்னொரு மயில் இல்லை. கை களைக்கக் களைக்கக் கழுத்து சாய்ந்துகொண்டே போயிருந்தது. அவள் எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்த இடத்தில் மறுபடி நிமிர்ந்திருந்தது. தோகை ஒன்றில் விரிந்தும் ஒன்றில் சுருங்கியும் கிடந்தது.

"இன்னா காஞ்சனா இது? மயிலா, நோஞ்சான் கோழியா? அத்தனையும் கோணல்!"

"சோத்தையும் பாத்துகினு, உங்க தார்க்குச்சிக்கு நூலும் சுத்திகினு போட்டேன் பாவா. நான் இன்னா மிஷினா?" என்றவள் உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் சாப்பாடு மட்டும்தான் வந்தது, பேச்சு வரவில்லை.

கழுவிவிட்டு மறுபடி போட நாளில்லை. சுருளின் வாலில் கொஞ்சம்தானே, போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

கிருத்திகையன்று தெரு முழுக்கத் திருத்தணி பஸ் ஏறியது. கூடாரத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். விளக்கு அணைந்தது. திரையில் மயில் வந்தது. பச்சையும் நீலமுமாய், இழை பிசகாத மயில். வந்து நின்றது.

நின்றுகொண்டே இருந்தது.

"எந்தப் புடவைக் கடை வெளம்பரம்பா இது?" என்றான் ஒருவன். "சிலைடு மாட்டிகிச்சி, ஆபரேட்டரைத் தட்டி எழுப்பு!" என்றான் இன்னொருவன். விசில் பறந்தது. கண்ணையன் தலையைக் குனிந்துகொண்டார். ஆறு மாசமாய் அச்சுப் பிசகாமல் போட்ட அத்தனை மயிலும் ஒன்றன்மேல் ஒன்றாய் வந்து, செத்த மயிலாய் நின்றன. ஜம்புலிங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. மிஷினுக்குள் ஆட்டம் எதுவும் இல்லை. எழுந்து ஓடிவிடலாமென்று செருப்பைத் தேடினார்.

அப்போது மயில் சிலிர்த்தது.

கழுத்து மெல்லச் சாய்ந்தது. சாய்ந்து சாய்ந்து தரையைத் தொடப் போன நேரம் வெடுக்கென்று நிமிர்ந்தது. தோகை படபடத்தது. கோடெல்லாம் உயிர் வந்து துடித்தது. வெளியே மலையேறுகிற காவடிக்குப் பம்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். கூடாரத்துக்குள் மயில் அதற்கே ஆடுவதுபோல் ஆடிற்று.

"ஆடுதுடா! நம்ம மயிலு ஆடுது!" கண்ணையன்தான் முதலில் கத்தினார். பிறகு யார் கத்தவில்லை? படம் முடிந்தும் கூட்டம் விடவில்லை. "ஒன்ஸ் மோர்!" கஜபதி மறுபடி ஓட்டினார். விவரமான ஆள், இந்தத் தடவை வாலை மட்டும்தான் ஓட்டினார்.

ஜம்புலிங்கம் திரையைப் பார்க்கவில்லை. அவருக்குக் கண் கலங்கி எதுவும் தெரியவில்லை. அடுப்புக்கும் தெருவுக்குமாய் நடந்து நடந்து, களைத்த கையால் அவள் போட்ட கோணல் ஒவ்வொன்றும் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது மட்டும் தெரிந்தது. விளக்கு போட்டதும் எழுந்தார். ஊர் பார்க்கப் பெண்கள் பக்கம் திரும்பி, காஞ்சனாவைப் பார்த்து இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

காஞ்சனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, இன்னா பாவா இது, எல்லாரும் பாக்கறாங்க!" என்று முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"பாக்கட்டும்" என்றார் ஜம்புலிங்கம். "அடுத்த படம் பூரா நீதான் போடணும். நான் அடுப்பைப் பாத்துக்கறேன்."