பாதியில் நின்ற ஹெட்லைட்

சவரிமுத்து சார் இறந்துவிட்டார் என்ற செய்தி, நான் ஒன்பதாம் வகுப்பில் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தபோது வந்தது. தலைமையாசிரியர் வாசலில் நின்று, "டீச்சர், நம்ம கெமிஸ்ட்ரி சார் போயிட்டாருங்க" என்றார். சாக்பீஸை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஏழு மாதமாக அவரோடு நான் பேசவில்லை. பள்ளியில் எல்லோருக்கும் அது தெரியும்.

சண்டைக்குக் காரணம் என் பழைய கார். அதன் ஹெட்லைட் இரண்டும் மஞ்சளடித்து மங்கிப்போயிருந்தன. ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து இருட்டும் வேளையில் கந்தர்வக்கோட்டைச் சாலையில் வரும்போது, சைக்கிளில் போன ஒருவர் மீது மோதப் பார்த்தேன், மயிரிழையில் தப்பினார். மறுநாள் காலை குத்துவிளக்குக்குப் போடுவதுபோல் புளி போட்டு இரண்டையும் தேய்த்தேன். ஸ்டாஃப் ரூமில் இதைச் சொன்னதும் சாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "புளிக்குப் போறது களிம்பு டீச்சர். இது பிளாஸ்டிக்கு. வெயில்ல மேல்தோலு செத்துருச்சு, தேய்ச்சு எடுக்கணும்." ஏன் புளி போட்டேன் என்று நான் நீட்டி முழக்கவே, கையெடுத்துக் கும்பிட்டார்: "தாயே, நீங்க தமிழ் டீச்சர்தான், ஒத்துக்கிறேன். வெளக்க வெளக்குனாப் போதும், வெளக்கம் வேணாம்!"

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து, காரைக் கொண்டுவரச் சொல்லி, தம் வீட்டு வாசலிலேயே வேலையைத் தொடங்கினார். முதலில் ஒரு விளக்கைச் சுற்றி டேப் ஒட்டி, தண்ணீர் விட்டு, உப்புத்தாளால் தேய்த்தார். மஞ்சள் மஞ்சளாக வடிந்தது. துடைத்துப் பார்த்தால், மோர் ஊற்றியதுபோல் முழுக்க வெளுத்துக் கிடந்தது. எனக்கு வந்ததே கோபம்! "இருந்த வெளிச்சத்தையும் கெடுத்துட்டீங்களே சார்! தெரியாட்டி சும்மா இருக்க வேண்டியதுதானே?" முதலில் அப்படித்தான் வெளுக்கும் என்று அவர் சொல்லச் சொல்லக் கேட்காமல், ஒட்டிய டேப்போடு காரைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

புதுக்கோட்டை மெக்கானிக் அதைத் தடவிப் பார்த்தார். "பதமாத் தேய்ச்சிருக்காருங்க. இன்னும் நைஸ் பேப்பர் போட்டு, பாலிஷ் பண்ணி, மேல கோட்டிங் அடிச்சா முடிஞ்சுது." அப்படியே செய்ததும் அரை மணியில் பளிச்சென்றாகிவிட்டது. தப்பு என்னுடையது என்று அங்கேயே புரிந்தது. ஆனால் வீம்பு விடுமா? நாளைக்குப் போய் மன்னிப்புக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்றே தள்ளினேன். அவர் ஓய்வு பெற்ற நாளன்று லீவு வேறு போட்டேன். இன்னொரு விளக்கை மட்டும் தொடாமல் வைத்திருந்தேன். அதைச் சாக்காக வைத்தாவது அவர் வீட்டுக்குப் போகலாமே என்று ஓர் எண்ணம்.

துக்க வீட்டில் அவர் மனைவி அமலி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "'ஒத்த லைட்ட வச்சுக்கிட்டு எத்தன நாளைக்கு ஓட்டுவாங்க, வருவாங்க பாரு'ன்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தாரு டீச்சர்."

அடுத்த ஞாயிறு அந்த விளக்கை நானே தேய்த்தேன். வெளுத்தது. ஆனாலும் கையை எடுக்காமல் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

இங்கே அவரை நினைக்கக் கூடியிருக்கும் உங்களில் பலர் அவரிடம் படித்தவர்கள்; சொல்ல எவ்வளவோ வைத்திருப்பீர்கள். எனக்கு அவரிடமிருந்து கிடைத்தது, அந்த வெளுப்பைக் கண்டு ஓடாமல் அரை மணி நேரம் நிற்கும் பொறுமை மட்டும்தான். அது வந்து சேர்ந்தபோது, மன்னிப்புக் கேட்க சார் இல்லை.