தலை கிள்ளிய தக்காளி

மாடித் தொட்டிகளில் ஆறு தக்காளிச் செடிகள் வளர்த்தேன். பழம் பெரிதாக வேண்டுமென்றால், இலைக்கும் தண்டுக்கும் நடுவே முளைக்கும் பக்கத் தளிர்களைக் கிள்ள வேண்டும். வெளியூர் போகும்போது அந்த வேலையை மனைவியிடம் சொல்லிப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், பக்கத் தளிர்கள் அப்படியே இருக்க, ஆறு செடிகளும் உச்சி போய் மொட்டையாக நின்றன.

“பருத்திக்கு உச்சியத்தானே கிள்ளுவோம்?” என்றாள். புதூர்ப் பக்கம் பருத்திக் காட்டில் வளர்ந்தவள். இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை.

செடிகள் கிளைத்துப் புதராயின. பழங்கள் தாமதமாகத்தான் வந்தன, சிறியவைதான். ஆனால் கோவில்பட்டி வெயிலில் எதிர்வீட்டுத் தக்காளிகள் வெளுத்து வெந்தபோது, எங்களுடையவை இலை நிழலில் சிவந்து தொங்கின.

இந்த ஆண்டு நானே உச்சிகளைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றவள், சிரிக்காமல் கேட்டாள்:

“பக்கத் தளிரையில்லா கிள்ளணும்னீங்க?”