சுவரில் ஒரு மூக்குக்கண்ணாடி

கண்ணாடியைக் கழற்றியதும் மனிதர்களின் முகம் மாறிவிடும். மூக்கின் இருபுறமும் இரண்டு சிவந்த தடங்கள். கண்கள் எதையோ தேடி, எதிலும் நிலைகொள்ளாமல் நீந்தும். எப்பேர்ப்பட்ட முரடனும் அந்த நேரத்தில் வழி தவறிய குழந்தையாகிவிடுவான். பேருந்து நிலையத்துக்கு எதிரிலிருந்த மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த அவள் அந்த முகத்தைத் தினமும் பார்த்தாக வேண்டியிருந்தது. செத்துப்போன தம்பிக்கும் அதே முகம்தான்.

கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அவள் கண்ணாடியக்கா. லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்தி, வந்தவர் காதில் மாட்டி, படிக்கிற அட்டையைக் கையில் கொடுத்து, "எதுவரைக்கும் தெரியுது?" என்று கேட்பது அவள் வேலை. தம்பிக்குப் பள்ளிக்கூடத்திலேயே சோடாபுட்டிக் கண்ணாடி வந்துவிட்டது. அது இல்லாவிட்டால் எதிரே நிற்பது அக்காவா அலமாரியா என்று தெரியாது. ஆனாலும் எந்நேரமும் புத்தகமும் கையுமாகத்தான் இருப்பான். ஒரு புத்தகத்தை முடித்தால் புது ஆளாகிவிடுவான். உலகத்துக்கே ஒரே அரசாங்கம் போதும் என்பான். அடுத்த புத்தகம் முடிந்ததும் அரசாங்கமே எதற்கு என்பான். சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு கடவுள் இல்லை என்று அம்மாவுக்கு நிரூபிப்பான்.

"சரிப்பா, இல்ல. சோறு ஆறுது, சாப்பிடு" என்பாள் அம்மா.

பிறகு கட்சியில் சேர்ந்தான். ஒரு ஊர்வலத்தில் எதிர்க்கட்சிக்காரர்கள் கல்லெறிய, கூட்டம் சிதறி ஓடியது. தம்பி வீடு திரும்பவில்லை. அவன் பக்கத்தில் ஓடிவந்த அச்சக ஊழியர் பிற்பாடு அவளிடம் மட்டும் நடந்ததைச் சொன்னார்.

"யாரோ இடிச்சதுல கண்ணாடி கீழ விழுந்துடுச்சும்மா. குனிஞ்சு தரையைத் தடவிக்கிட்டிருந்தான். விட்டுட்டு வாடான்னு கத்தினேன். பின்னாடி வந்த கூட்டம் மேல ஏறிடுச்சு."

கட்சி வேறு மாதிரி சொன்னது. கொடியைக் கீழே விடாமல், நெஞ்சை நிமிர்த்தி நின்று உயிரைக் கொடுத்தானாம். தெருமுனைச் சுவரில் ஆள் உயரத்துக்கு அவன் படத்தை வரைந்தார்கள். ஓங்கிய கை, கழுகுப் பார்வை. கண்ணாடி மட்டும் இல்லை.

அந்தச் சுவரைத் தாண்டாமல் அவள் கடைக்குப் போக முடியாது. தெருவின் வளைவு வரைக்கும் அந்தக் கண்கள் முதுகிலேயே இருக்கும். தம்பியின் பெயரை எடுத்துக்கொண்டு எவனோ நிற்கிறான் என்று தோன்றும். வீட்டில் அவன் விட்டுப்போன புத்தகங்களைப் படிக்கப் பார்த்தாள். எதைத் திறந்தாலும் வரிகள் அவன் குரலிலேயே உள்ளே கேட்டன, கடினமான சொல் வந்தால் தொண்டையைச் செருமிக்கொள்வது உட்பட. அந்தக் குரலுக்கு உரிய முகத்தை நினைக்கப் போனால் மட்டும் சுவரில் இருப்பவன் வந்து நின்றான். சட்டென்று மூடி வைத்துவிடுவாள். கூப்பிட அவளிடம் ஒரு சாமியும் மிச்சமில்லை. அம்மாவோ முன்னைவிட அதிகமாகக் கும்பிட்டாள். ஆனால் அந்தத் தெருப்பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஒருநாள் கட்சியின் வட்டச் செயலாளர் பேப்பர் படிக்கக் கண்ணாடி கேட்டுக் கடைக்கு வந்தார். அவள் கொடுத்த அட்டையைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தார்.

"ஒரு எழுத்தும் பிடிபடலையே தங்கச்சி."

"என் தம்பிக்கும் அப்படித்தாண்ணே. சுவத்துல அவனுக்கு ஒரு கண்ணாடி வரையச் சொல்லுங்க."

சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் குரலை இறக்கினார். "அவன் தியாகிம்மா. பாக்கிறவனுக்கு ரத்தம் கொதிக்க வேணாமா? கண்ணாடி போட்டா வாத்தியார் மாதிரி ஆயிடும்."

"அவன் அப்படித்தானே இருந்தான்?"

"அது நமக்குத் தெரியும். ஊருக்கு எதுக்கு?"

நினைவு நாள் நெருங்கியபோது, வெளுத்திருந்த படத்துக்குச் சாயம் ஏற்ற பெயிண்டர் வந்தார். அவள் கடையிலிருந்து ஒரு கறுப்பு ஃபிரேமை எடுத்துக்கொண்டு போய் ஏணியடியில் நின்றாள்.

"செயலாளர் என் தோலை உரிச்சிடுவாரும்மா."

"நான் சொன்னேன்னு சொல்லுங்கண்ணே. கூடப்பிறந்தவ நான்."

பெயிண்டர் ஃபிரேமையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ வீட்டுக் கதவுக்கு அடித்த கறுப்பு எனாமல் கைவசம் இருந்தது. இரண்டு வட்டம், நடுவில் ஒரு பாலம், காதுக்குப் போகிற கோடு. அவ்வளவுதான், கழுகு பறந்துவிட்டது. புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தி, யார் கூப்பிட்டது என்று பார்க்கிறவன் அங்கே நின்றான். இத்தனை காலம் வரமாட்டானா என்று கிடந்தவளால், வந்தவனை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

நினைவு நாளன்று அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். சுவரைப் பார்த்த செயலாளர் பல்லைக் கடித்தார். அதற்குள் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுவரருகே போய், "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டுவிட்டாள். மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். அதன்பிறகு கண்ணாடியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

தேர்தல் வந்தது. கட்சி கூட்டணி வைத்தது, அன்று கல்லெறிந்தவர்களோடேயே. ஒரு காலையில் அவள் வேலைக்குப் போகும்போது சுவர் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. அன்று கடையில் யார் முகத்தையும் அவள் பார்க்கவில்லை, காதையும் மூக்கையும் மட்டும் பார்த்து வேலையை முடித்தாள்.

ஒரு நல்ல மழை பெய்தது. சுண்ணாம்பு எனாமலின் மேல் ஒட்டாமல் வழிந்துவிட்டது. முகம் வரவில்லை. வெள்ளைச் சுவரில் கண்ணாடி மட்டும் வந்தது. மறுபடி அடித்தார்கள், மறுபடி வந்தது. பால்காரர் அந்த இடத்தில் சைக்கிளை வேகமாக மிதித்தார். பேசிக்கொண்டு வருகிறவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் தாண்டினார்கள். அம்மா மட்டும் நாள் தவறாமல் போய்க் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வந்தாள். அம்மாவுக்கு அந்த வட்டங்களுக்குள் யார் தெரிந்தார்கள் என்று கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை. அவளுக்கு ஒருவரும் தெரியவில்லை.

வாக்குப்பதிவு அன்று ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவளிடம், அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா, "யாருக்குப் போட்ட?" என்றாள்.

"அவன் இருந்தா யாருக்குப் போட்டிருப்பான்னு யோசிச்சுக்கிட்டே நின்னேன். தெரியலம்மா. இத்தனை வருஷத்துல எவ்வளவு படிச்சிருப்பான், எப்படியெல்லாம் மாறியிருப்பான். வெளியில வரிசையில நின்னவங்க சத்தம் போட ஆரம்பிச்சிட்டாங்க. எதையோ அழுத்திட்டு வந்துட்டேன்."

அம்மா பாத்திரத்தைச் சாய்த்துத் தண்ணீரை வடித்தாள்.

"கட்சியை விட்டிருப்பானாம்மா?"

"விட்டிருப்பான்" என்றாள் அம்மா. "விட்டுட்டு, அப்பவே ஏன் தடுக்கலன்னு என்கிட்ட சண்டைக்கு வந்திருப்பான்."