மதிலுக்கு அந்தப் பக்கத்துக் கிணறு

மூன்று வாரமாக நான் இந்தப் பத்தியை எழுதவில்லை. ஏன் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை... மலக்குழி வெட்டிக்கொண்டிருந்தேன்!

கீரிக் கிராமத்தில் எங்கள் ஒழுங்கைக்கு, அந்தக் குறுந்தெரு முழுவதற்கும், ஒரேயொரு நல்ல தண்ணீர்க் கிணறுதான். மற்றதெல்லாம் உவர். அந்த ஒன்று, என் மதிலுக்கு அந்தப் பக்கம், செல்வராணியுடையது. தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பியதும் அவளும் கணவரும் முதலில் வெட்டியது அதைத்தான். வீடு பிறகுதான்.

அவளுடைய ஏழு வயது மகள் நிலாவுக்கு வயிற்றோட்டம் வந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் சேலைன் ஏறியது. பிள்ளை வீடு திரும்புவதற்குள் ஒழுங்கையில் இன்னும் நாலு பிள்ளைகள் படுத்துவிட்டார்கள்.

சுகாதாரப் பரிசோதகர் வந்தார். கிணற்றுத் தண்ணீரைச் சின்னப் போத்தலில் அடைத்து, ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு போனார்.

"கண்ணாடி மாதிரித் தண்ணி. இதில என்ன இருக்கப்போகுது?" என்றேன் நான்.

அடுத்த கிழமை முடிவு வந்தது. மலக்கிருமி.

செல்வராணி அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள். "என்ர கையாலதானே அண்ணை எல்லாருக்கும் அள்ளிக் குடுத்தனான்..."

அன்றிலிருந்து ஒழுங்கைக்குப் பவுசர் வண்டியில்தான் தண்ணீர் வந்தது. பரிசோதகர் அவளுடைய மலசலகூடத்தைப் பார்த்தார். வீட்டு வளவின் அந்தக் கோடியில் இருந்தது — கிணற்றிலிருந்து தூரம் போதும். பிறகு என் மதிலைப் பார்த்தார்.

"சேர், உங்கட குழி எங்க?"

மகனின் கலியாணத்துக்காகப் போன வருடம் புதிதாக ஒரு மலசலகூடம் கட்டியிருந்தேன். குழி மதிலோரம். காணி என்னுடையது, மதில் என்னுடையது — வேறென்ன யோசிக்க இருந்தது?

"நல்ல கட்டுமானம். வடிவாச் சோதிச்சுப் பாருங்கோ" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

அவர் பச்சைச் சாயத்தூளைக் கரைத்து என் மலசலகூடத்தில் ஊற்றிவிட்டுப் போனார்.

நாலாம் நாள் காலை மதிலுக்கு அப்பால் செல்வராணியின் குரல். "அண்ணை, ஒருக்கா வாங்கோ."

போனேன். வாளிக்குள் கிணற்றுத் தண்ணீர் இளம்பச்சை.

வாராவாரம் ஊருக்குப் புத்தி சொல்கிற ஆள் நான். நிலா தாயின் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். கை இன்னும் மெலிந்துதான் இருந்தது.

"என்ர குழிதான், தங்கச்சி."

"நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லைத்தானே அண்ணை" என்றாள். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. "ஆனா இண்டைக்கே மூடோணும். நாளைக்கு எண்டு சொல்லாதேங்கோ."

அன்றைக்கே மூடினோம். வளவின் மறுகோடியில், அடியும் சுவரும் சீமெந்து பூசிய தொட்டி கட்டினோம். மேசனோடு சேர்ந்து நானும் மண் அள்ளினேன். பிள்ளைகள் படுத்த வீடுகளுக்குப் போய்க் காரணத்தைச் சொன்னதும் நான்தான். இரண்டு வீட்டில் நல்ல ஏச்சு. வாங்கிக்கொண்டேன்.

கிணற்றை இறைத்து, குளோரின் போட்டு, மறுபடியும் இறைத்தோம். மறுசோதனையில் கிருமி குறைந்திருந்தது, போகவில்லை. திரும்பவும் இறைத்தோம். போன வெள்ளிக்கிழமை வந்த முடிவு — சுத்தம்!

செல்வராணி அதோடு விடவில்லை. இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை தானே தண்ணீர் எடுத்துப்போய்ச் சுகாதாரக் கந்தோரில் கொடுப்பாளாம். கொடுப்பாள். எனக்குச் சந்தேகமே இல்லை.

உங்கள் கிணற்றை எப்போது சோதித்தீர்கள்? "குடிச்சுப் பாத்தனான், நல்லாத்தான் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்...

நாக்குக்கு ருசிதான் தெரியும். கிருமி தெரியாது.