எல்லாரும் அடி அண்ணாமலையில்தான் விழுந்தார்கள்

"காலைத் தூக்குன்னு சொல்லத் தெரிஞ்சுது இல்ல? இறக்கவும் சொல்லிக் குடுத்துட்டு அனுப்பறதுதானேம்மா?"

வெல்ல மண்டிக்காரர் என் வீட்டு வாசலில் நின்று கேட்டது இது. தொடை பிடித்துக்கொண்டு, காலை மடக்க முடியாமல், அவர் மனைவி ரிக்‌ஷாவிலேயே உட்கார்ந்திருந்தாள். வகுப்பில் நன்றாகத்தான் இருந்தாள், வீட்டுக்குப் போய் இன்னும் கொஞ்சம் என்று தானாக இழுத்துப் பார்த்திருக்கிறாள் என்றேன். அவர் நம்பவில்லை. உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பது சுலபம். பிடித்துக்கொண்ட உடம்பை அதன் வீட்டாரிடம் ஒப்படைப்பதுதான் தொழில். நர்ஸ், டிரில் டீச்சர் என்று அடுத்தவர் உடம்பைத் தொட்டுப் பிழைக்கும் சகோதரிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாளிடம், எழுபதுகளின் கடைசியில் நான் கற்றுக்கொண்ட வித்தை இது. பிலாட்டீஸ் என்று பெயர். திருவண்ணாமலையில் அந்தப் பெயர் எடுபடவில்லை. எங்கள் வீட்டு மாடியில் நடந்ததால் 'மாடி எக்ஸர்சைஸ்' ஆகிவிட்டது. கோரைப்பாய், ஜன்னலுக்குக் கெட்டித் திரை, புடவைக்குள் வீட்டுக்காரரின் பைஜாமாவைப் போட்டுக்கொண்டு வரும் பெண்கள். மண்டிக்காரர் ரிக்‌ஷாவைத் திருப்பச் சொல்லிவிட்டு எனக்கு ஒரு கேள்வியை விட்டுப் போனார்: "மாவாட்டிக் குறையாத தொப்பையா மாடியில படுத்தா குறையப் போவுது?"

வலிக்குதா என்று கேட்டால்

வலித்தால் நிறுத்து, உடனே சொல். அந்த அம்மாள் எனக்குச் சொன்ன முதல் விதி. அவர்கள் ஊரில் கொசு கடித்தாலும் சொல்வார்களோ என்னவோ, நம் பெண்களிடம் அந்த விதி செல்லாது. முகம் சிவக்கும், உதட்டைக் கடிப்பார்கள், கேட்டால் "பரவால்லைங்க". வலிக்கிறது என்று வீட்டில் சொன்னால் சமையலுக்குப் பயந்த நடிப்பு என்று பெயர் வாங்கியவர்கள், என்னிடம் மட்டும் ஏன் சொல்லப் போகிறார்கள்?

தபால்காரர் மனைவி பாக்கியம் ஒருநாள் தோள்பட்டை கிடுகிடுவென்று ஆட, கையை ஊன்றிக்கொண்டே நின்றாள். ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கத்தினேன். பாக்கியம் என்னைப் பாவமாகப் பார்த்தாள். "கஷ்டப்படாத இருந்தா அதுக்குப் பேரு எக்ஸர்சைஸாங்க?"

பௌர்ணமிக்கு முன்பே

கான்வென்ட்டில் கன்னியாஸ்திரீகள் எனக்கு இரண்டு சொல்லித் தந்தார்கள். முதுகை நேராக வை, உண்மையை ஒளிக்காதே. முதலாவதை வைத்துப் பிழைத்தேன். இரண்டாவதால் அடிபட்டேன். மாடியில் யாருக்கு என்ன ஆனாலும் அவர்கள் வீட்டுக்கு நானே போய்ச் சொல்லிவிடுவது என்று வைத்திருந்தேன்.

நான் செருப்பைத் தேடுவதற்குள் அவர்கள் முந்திக்கொள்வார்கள். கிரிவலம் போனபோது அடி அண்ணாமலையில் கால் இடறி விழுந்தேன் என்று வீட்டில் சொல்லியாகிவிடும். மலையைச் சுற்றியவளை எந்த மாமியாரும் திட்ட மாட்டாள். வெந்நீர்கூட வைத்துத் தருவாள். கணுக்கால், மணிக்கட்டு, இடுப்பு என்று என் வகுப்பில் பிசகியது அத்தனையும் அங்கேதான் விழுந்தது. எங்கள் தெரு டாக்டர் ஒருநாள் என்னை நிறுத்தினார். "அடி அண்ணாமலை ரோடு அவ்ளோ மோசமாம்மா? பௌர்ணமியே இன்னும் வரலையே."

கீழ்பென்னாத்தூர் வரை

கீழ்பென்னாத்தூரில் மணிலாக் கொட்டை வியாபாரக் குடும்பத்து மருமகள் விஜயா. கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறி வகுப்புக்கு வருவாள். படுத்தபடி காலைத் தலைக்கு மேலே கொண்டுபோகும்போது ஒருநாள் கழுத்து சுருக்கென்று மடங்கிவிட்டது. ஆட்டாதே என்று படுக்க வைத்தேன். வீட்டில் வந்து சொல்கிறேன் என்றதற்கு, சொன்னால் இனி வாசலைத் தாண்ட விடமாட்டார்கள் என்று அழுதாள். அழுதபடியே, நான் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில், எழுந்து போய்விட்டாள்.

அடுத்த வகுப்பில் பாக்கியம்தான் செய்தி கொண்டுவந்தாள். அவள் தாய்வீடும் கீழ்பென்னாத்தூர்தான். விஜயாவுக்கு வலது கை விரல்கள் மரத்துக் கரண்டி நிற்கவில்லையாம். கிரிவலத்தில் விழுந்தாள் என்று நம்பி, சுளுக்கு எடுக்கிற பெரியவரை மாமியார் இன்றைக்கு வரச்சொல்லியிருக்கிறாளாம். கழுத்தில் நரம்பு மாட்டியிருக்கும்போது இழுத்துச் சொடுக்கினால் கையே போகலாம். வகுப்பை அப்படியே விட்டுவிட்டுப் பஸ் பிடித்தேன்.

நான் போனபோது விஜயாவை மணையில் உட்கார வைத்திருந்தார்கள். அந்தப் பெரியவர் உள்ளங்கையில் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டிருந்தார். விஜயாவால் தலையை ஆட்ட முடியவில்லை. கண்ணாலேயே வேண்டாம் என்றாள்.

"அவ கிரிவலத்துல விழலைங்க. என் மாடியில, என் கண்ணெதிர கழுத்து மடங்கிச்சு. விரல் மரத்திருக்கு. கழுத்தைத் தொடாதீங்க, வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

பெரியவர் விஜயாவிடம் விரலை மடக்கச் சொன்னார். சுண்டுவிரல்கூட மடங்கவில்லை. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, இது தன் வேலை இல்லை என்று எழுந்தார். மாமியார் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. விஜயாவையே பார்த்தாள். "பொய் சொல்றதுக்கு என் பேரை எடுத்திருக்கலாமே. சாமி பேரையாடி எடுப்ப?"

பஸ் ஸ்டாண்டில்

வேலூரில் கழுத்துக்குப் பட்டை போட்டார்கள். பல மாதம் ஆயிற்று. கை தேறிவிட்டது என்று பாக்கியம் சொன்னாள். தேறிய கையோடு விஜயா தனியாக ஊரைத் தாண்டுவது நின்றுபோயிற்று என்பதையும் அவள்தான் சொன்னாள். நான் வீடு தேடி வந்து காட்டிக்கொடுப்பவள் என்று பேச்சுப் பரவி, மாடியில் பாய்கள் சுருட்டியபடியே கிடந்தன.

பிறகு ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். மாமியார் முன்னால் ஏறிவிட்டாள். விஜயா படியில் கால் வைக்கக் காத்திருந்தாள். நலமா என்றேன், கழுத்து எப்படி என்றேன். அவள் கூட்டத்தைப் பார்த்தாள். பஸ் உறுமத் தொடங்கியது.

"விஜயா, அந்த விரலை ஒரே ஒரு தடவை மடக்கிக் காட்டிட்டுப் போயேன்மா."

அவள் கம்பியைப் பிடித்து ஏறினாள். எந்தக் கையால் என்பதைக் கூட்டம் மறைத்துவிட்டது. உள்ளே போய் அந்தப் பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தாள், திரும்பவில்லை.

அடிபட்டதை உள்ளபடி சொல்லிவிடுகிற வாத்தியாரம்மாவுக்கு எங்கள் ஊர் தருகிற மரியாதை, கீழ்பென்னாத்தூர் பஸ் விட்டுப்போகிற புகைதான்.